கம்பி வழி வந்த குரல் - 11: பின்னறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி

2027 ஜனவரி 31. பிரிட்டனில் கடை வைத்திருப்பவர், ஓட்டல் நடத்துபவர், மருந்தகம் வைத்திருப்பவர், பெட்ரோல் பங்க் எடுத்து நடத்துபவர் என யாராக இருந்தாலும் காலண்டரில் வட்டமிட்டு வைக்க வேண்டிய தேதி. தலைமுறை தலைமுறையாக அந்த நாட்டின் பேச்சைச் சுமந்து வந்த பழைய தொலைபேசி வலையமைப்பு அன்றோடு நிறுத்தப்படுகிறது. அதன் பிறகு லேண்ட்லைன் எண் இருக்கும்; ரிசீவரும் இருக்கலாம். ஆனால் அழைப்பு இணையம் வழியாகத்தான் போகும், வரும்.

சென்ற வாரம் ஸ்ட்ரோஜரின் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் பிறந்த கதையைப் பார்த்தோம். இந்த வாரம் அந்த வம்சத்தின் கடைசி வாரிசு விடைபெறும் இடத்துக்கு வருகிறோம். கூடவே, அந்த விடைபெறலுக்கு ஒரு சின்னக் கடை எப்படித் தயாராவது என்பதையும் பார்ப்போம். லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹேரோ, வெம்பிளி, டூட்டிங் பக்கம் உறவினர் கடை வைத்திருக்கும் குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தமிழ்நாட்டிலும் ஏராளம். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அகதியாகப் போய், பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை பார்த்து, பிறகு சொந்தக் கடை போட்டவர்கள் அந்த உறவினர்களில் பலர். அவர்களுக்கு இது பொது அறிவுச் செய்தி அல்ல, கடைச் செய்தி.

முதலில், நிற்கப்போவது எது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். தெருவில் ஓடும் செப்புக் கம்பியை அன்றைக்கே யாரும் பிடுங்கப் போவதில்லை. கண்ணாடி இழை வந்து சேராத இடங்களில் அதே செப்புக் கம்பி தெருமுனைப் பெட்டியிலிருந்து கடைவரை பிராட்பேண்ட் சுமக்கும். நிற்பது அந்தக் கம்பியில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்துவந்த பேச்சுச் சேவை. கம்பி கண்ணுக்குத் தெரிகிறது, இணையமும் வருகிறது, எனவே தனக்கு ஒன்றும் மாறவில்லை என்று கடைக்காரர் நினைத்துக்கொள்கிறார். பாதிக் குழப்பம் இங்கேயிருந்துதான் கிளம்புகிறது.

அந்தப் பழைய சேவைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. எக்ஸ்சேஞ்சுக்குள் வரிசை வரிசையாக ஈய-அமில பேட்டரிகள். அவை 50 வோல்ட் மின்சாரத்தை எந்நேரமும் ஒவ்வொரு கம்பிக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் அந்த ஒரே சீரான ரீங்காரம் கேட்கும். மின்சாரம் தொலைபேசியோடு சேர்ந்தே வந்ததால், அதன் மீது நம்பிக்கை வைத்து மனிதர்கள் என்னென்னவோ கருவிகளைக் கட்டிவிட்டார்கள்.

பிறகு ஏன் மூடுகிறார்கள்? 1980-ல் லண்டனின் பேனார்ட் ஹவுஸில் முதல் 'சிஸ்டம் எக்ஸ்' எக்ஸ்சேஞ்ச் இயங்கத் தொடங்கியது. பிரிட்டனின் சொந்தத் தயாரிப்பு. ஜிஇசி, பிளெஸ்ஸி, எஸ்டிசி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. அந்தக் காலத்துக்குப் பெரிய பாய்ச்சல். இன்று அதற்கு உதிரி பாகம் செய்பவர் இல்லை. அதன் உள்ளும் புறமும் தெரிந்த பொறியாளர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். 2024-ல் மட்டும் பழைய வலையமைப்பில் பெரிய அளவிலான பழுதுகள் 45 சதவீதம் கூடியிருப்பதாகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் கணக்குச் சொன்னது. மூடுவதற்கான காரணத்தில் குறை காண இடமில்லை. குறையெல்லாம் மூடிக்கொண்டு வந்த விதத்தில் இருக்கிறது.

பிரிட்டிஷ் டெலிகாமின் வலையமைப்புப் பிரிவு ஓபன்ரீச். நாடு முழுக்கச் சுமார் 1.4 கோடி இணைப்புகளை மாற்றுவது அதன் பொறுப்பு. 2025 டிசம்பருக்குள் முடித்துவிடுவது என்பது முதல் திட்டம். ஒத்திகைக்கு இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கண்ணாடி இழை ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்த சாலிஸ்பரி ஒன்று. செப்பும் இழையும் கலந்து கிடந்த மில்டன்ஹால் இன்னொன்று. சாலிஸ்பரியில் 2020 டிசம்பரிலும் மில்டன்ஹாலில் 2021 மே மாதத்திலும் பழைய இணைப்பு விற்பது நிறுத்தப்பட்டது. ஒத்திகை நன்றாகவே போனது.

அதே 2021-ன் நவம்பர் கடைசியில் ஆர்வென் புயல் வந்தது. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மரங்கள் மின்கம்பிகள் மீது சாய்ந்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டன. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் மின்சாரம் திரும்பியது; சில ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. செல்பேசிக் கோபுரங்களின் பேட்டரிகளும் தீர்ந்த கிராமங்களில், இணையத் தொலைபேசிக்கு மாறியிருந்தால் உதவிக்கு யாரைக் கூப்பிட்டிருப்போம் என்று மக்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அதே குளிர்காலத்தின் அடுத்த புயல்களும் கடந்த பிறகு, 2022 மார்ச்சில், பிரிட்டிஷ் டெலிகாம் வீட்டு வாடிக்கையாளர்களை மாற்றும் பணியை நிறுத்திவைத்தது.

2023 செப்டம்பர் 5 முதல் நாடு முழுவதும் புதிதாகப் பழைய லைன் கேட்டால் கிடைக்காது என்றானது. கடையை இடம் மாற்றுபவர், இரண்டாவது லைன் கேட்பவர் எல்லோருக்கும் ஒரே பதில்: இனி இணையம் வழிதான்.

அந்த ஆண்டின் கடைசியில் நாட்டையே நிமிர்ந்து பார்க்க வைத்த செய்தி வந்தது. பிரிட்டனில் சுமார் 18 லட்சம் பேர், பெரும்பாலும் தனியாக வாழும் முதியவர்கள், கழுத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். விழுந்துவிட்டால் அதை அழுத்துவார்கள். வீட்டுத் தொலைபேசி தானாகக் கண்காணிப்பு மையத்தைக் கூப்பிடும். லைன் மாற்றப்பட்ட சில வீடுகளில் பொத்தானை அழுத்தியும் அழைப்பு போகவில்லை. உயிரிழப்புகள் நேர்ந்ததாகத் தெரியவந்தது. தொலைபேசி நிறுவனங்களை அரசு கூப்பிட்டு உட்கார வைத்தது. 2023 டிசம்பரில் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் ஓர் உறுதிமொழி ஆவணத்தில் கையெழுத்திட்டன: பொத்தான் வேலை செய்கிறது என்று உறுதிப்படுத்தாமல் யாரையும் அவர்கள் விருப்பமின்றி மாற்றுவதில்லை. அதன் தொடர்ச்சியாக 2024 மே மாதத்தில் கடைசித் தேதி 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

முதியவர்களுக்குக் கிடைத்த இந்தக் கவனம் அவசியமானது. ஆனால் அதே பொத்தானின் உறவுக்காரக் கருவிகள் சின்னச் சின்னக் கடைகளிலும் இருக்கின்றன. அவற்றுக்காக யாரும் அமைச்சர் மேசையில் உட்காரவில்லை. பெரிய வங்கிக்கும் சூப்பர் மார்க்கெட் சங்கிலிக்கும் தொலைத்தொடர்பைக் கவனிக்கவே ஆட்கள் உண்டு. தெருமுனைக் கடையில் முதலாளியே கணக்கர், அவரே சரக்கு இறக்குபவர், அவரே தொலைத்தொடர்பு அதிகாரி. 'லைன் வேலை செய்யுதுதானே, பிறகென்ன' என்பது அங்கே அலட்சியம் இல்லை. அதற்குமேல் யோசிக்க நேரம் இல்லை.

அப்படிப்பட்ட கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னால் பால், பாண், பத்திரிகை, காய்கறி. ஒரு மூலையில் முருங்கைக்காயும் மாம்பழப் பெட்டியும். பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு மேலே, சுவரில், உள்ளங்கையளவு சதுரமான வெள்ளைப் பெட்டி. தொலைபேசிக் கம்பி வெளியிலிருந்து வந்து முதலில் தொடும் இடம் அதுதான்; அங்குள்ளவர்கள் மாஸ்டர் சாக்கெட் என்பார்கள். அதன் கீழ்ப்பாதியில் இரண்டு திருகாணிகள். அவற்றைக் கழற்றி அந்தப் பாதியை முன்னுக்கு இழுத்தால், உள்ளே இன்னொரு துளை தெரியும். சோதனைக்கானது. சாதாரணக் கம்பித் தொலைபேசி ஒன்றை அதில் செருகினால் ரீங்காரம் கேட்கும்: வெளியிலிருந்து வரும் லைன் உயிரோடு இருக்கிறது. ஆனால் கீழ்ப்பாதியைக் கழற்றிய அந்தக் கணத்தில், அதன் பின்பக்கம் இணைத்துக் கட்டிடத்துக்குள் ஓடும் எல்லாக் கம்பிகளும் துண்டிக்கப்பட்டுவிடும்.

கடையைத் தயார்ப்படுத்தும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. கழற்றியதும் எது முனகுகிறது என்று பார்க்க வேண்டும். திருட்டு அலாரத்தின் பலகை லைன் பழுது என்று காட்டலாம். பழைய கார்டு இயந்திரம் காத்திருந்து காத்திருந்து பரிவர்த்தனையைக் கைவிடலாம். மாடியில் குடியிருப்பவர்களுக்கான வாசல் அழைப்புமணி பேசாமல் போகலாம். சிசிடிவி பெட்டி, ஏடிஎம், குளிர்பதனக் கிடங்கின் வெப்பம் ஏறினால் கூப்பிடும் கருவி என எதுவும் இந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு எச்சரிக்கை: அலாரம் நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் யாரோ லைனை வெட்டிவிட்டார்கள் என்று கண்காணிப்பு மையம் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து பில். பத்துப் பதினைந்து வருடமாக ஒரே இடத்தில் நடக்கும் கடையின் தொலைபேசிப் பில்லில் முதலாளிக்கே அடையாளம் தெரியாத எண் ஒன்று இருப்பது புதிதல்ல. மாதாமாதம் வாடகை போய்க்கொண்டிருக்கும். செல்பேசியிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டுக் கடைக்குள் நடக்க வேண்டும். எங்காவது மணி அடித்தால் ஆயிற்று. காதைக் கிழிக்கும் கீச்சொலி வந்தால் அது பழைய ஃபேக்ஸ். எதுவுமே கேட்காவிட்டால், பெரும்பாலும் அது அலாரமோ லிஃப்டோதான். அதை வெட்டச் சொல்வதற்கு முன் யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும்.

இணைய லைனில் தொலைபேசியைச் செருகினால் பேச்சு நன்றாகத்தானே கேட்கிறது, அலாரம் மட்டும் ஏன் தடுமாற வேண்டும் என்று தோன்றலாம். காரணம் சுவையானது. பழைய அலாரம் பேசாது; பாடும். எந்தக் கடை, எந்தக் கதவு, என்ன நிகழ்ந்தது என்பதை எண்களாக்கி, தொலைபேசிப் பொத்தானை அழுத்தினால் கேட்கும் அதே ஒலிகளாக மாற்றி அனுப்பும். ஒவ்வொரு ஒலியும் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். செப்புக் கம்பியில் அந்த ஒலி அப்படியே மறுமுனைக்குப் போய்ச் சேரும். இணையத் தொலைபேசியோ ஒலியைப் பொதுவாக நொடிக்கு ஐம்பது துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. வழியில் ஒரு துண்டு தொலைந்தால், முந்தைய துண்டைப் பார்த்து ஊகித்து இடைவெளியை நிரப்பிவிடுகிறது. மனிதக் காது அதைக் கவனிப்பதே இல்லை. அலாரத்தின் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கோ ஓர் எண் மாறிப்போகிறது, அல்லது காணாமல் போகிறது. கொடுமை என்னவென்றால் இது தினமும் நடக்காது. சோதித்துப் பார்த்த நாளில் நன்றாக வேலை செய்துவிட்டு, நெரிசல் மிகுந்த ஓர் இரவில் கைவிடும். ஃபேக்ஸுக்கும் இதே கதிதான். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் 2019 ஜனவரியிலிருந்தே புதிய ஃபேக்ஸ் இயந்திரம் வாங்கக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டுவிட்டது.

அலாரத்துக்குப் பின்னால் காப்பீடு நிற்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. நகைக்கடை, மதுக்கடை, சிகரெட் விற்கும் கடை போன்றவற்றின் காப்பீட்டுப் பத்திரத்தில், கண்காணிப்பு மையத்தோடு இணைந்த அலாரம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கம். அந்த இணைப்பு வேலை செய்யாத நாளில் திருட்டு நடந்தால், இழப்பீடு கேட்கும்போது முதலில் புரட்டப்படும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும். பல்லாண்டுகளாகத் தொலைபேசிக் கம்பி வழியாக அலாரச் செய்திகளைக் கொண்டுபோன ரெட்கேர் சேவை, பிரிட்டிஷ் டெலிகாமின் சொந்தச் சேவை, 2025 ஆகஸ்ட் 1-ல் மூடப்பட்டது. கடைசித் தேதிக்கு ஒன்றரை வருடம் முன்பே. அலாரப் பெட்டி மேல் ஒட்டிய ரெட்கேர் ஸ்டிக்கரை இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் கடைக்காரர் யாராவது இருந்தால், இன்றைக்கே அலாரம் நிறுவனத்துக்குப் போன் போட வேண்டும்.

மாற்று என்ன? அலாரத்துக்குள் சிம் கார்டு போட்டுச் செல்பேசி வலையமைப்பு வழியாக அனுப்பலாம். இணையமும் சிம்மும் இரண்டும் உள்ள இரட்டை வழிக் கருவி வைக்கலாம். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பிரிட்டனில் 3ஜி சேவையை நிறுவனங்கள் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன. 2ஜியும் 2033-க்குள் போய்விடும் என்று அரசும் நிறுவனங்களும் 2021 டிசம்பரிலேயே ஒப்புக்கொண்டுவிட்டன. மலிவு என்று 2ஜி சிம்மில் ஓடும் கருவியை இன்று மாட்டிவிட்டுப் போகிறவர், சில வருடங்களில் அதே கடைக்காரரிடம் இரண்டாவது முறை காசு வாங்குவார். கருவி 4ஜியில் வேலை செய்யுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

லிஃப்ட் இன்னொரு உலகம். நான்கு மாடிக் கட்டிடத்தின் தரைத்தளத்தில் கடை, மேலே வீடுகள், நடுவே ஒரு லிஃப்ட். அதற்குள் சிக்கியவர் அழுத்தும் மஞ்சள் மணிப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் ஒரு தொலைபேசி லைன். ஐரோப்பியத் தரவிதியின்படி, மின்சாரம் போனாலும் அது குறைந்தது ஒரு மணி நேரம் பேச வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறையாவது தானே கூப்பிட்டுத் தன்னைச் சோதித்துக்கொள்ளவும் வேண்டும். பழைய லைனில் எக்ஸ்சேஞ்சே மின்சாரம் கொடுத்ததால் இதில் சிக்கல் இல்லை. புதிய ஏற்பாட்டில் ரூட்டருக்குத் தனி பேட்டரி வேண்டும், அல்லது பேட்டரி உள்ள சிம் கருவி வேண்டும். லிஃப்ட் யாருடையது, லைன் வாடகை யார் கட்டுகிறார்கள் என்பது கடைக்காரருக்கும் தெரியாது, மேல்மாடிக்காரருக்கும் தெரியாது. கட்டிட உரிமையாளர் பொறுப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, தேதி வந்துவிடும். இந்தக் கட்டுரையில் உள்ளவற்றில் மிக அவசரமானது எது என்று கேட்டால், லிஃப்டைத்தான் சொல்ல வேண்டும். பூட்டிய கடையில் திருட்டுப் போனால் பொருள் போகும். பூட்டிய லிஃப்டில் ஆள் இருப்பார்.

மின்வெட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருக்கும் வாடிக்கையாளர் மின்சாரம் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு செய்ய வழி இருக்க வேண்டும் என்பது ஆஃப்காமின் வழிகாட்டுதல். ஒரு மணி நேரம் போதுமா? 2025 ஏப்ரல் 28 நண்பகலில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மொத்தமாக இருண்டன. பல மணி நேரம் மின்சாரம் இல்லை. கோபுரங்களின் பேட்டரிகள் தீரத் தீர செல்பேசிகளும் ஒவ்வொரு பகுதியாக மௌனமாயின. கார்டு இயந்திரம் இறந்ததால் கையில் சில்லறை வைத்திருந்தவர்தான் ரொட்டி வாங்க முடிந்தது. பேட்டரியோடு ஓடும் பழைய ரேடியோவைச் சுற்றித் தெருவில் கூட்டம் நின்றது. ஸ்பெயின் பிரிட்டனைவிட வேகமாகச் செப்பைக் கைவிட்ட நாடு. எனவே ரூட்டருக்கும், கண்ணாடி இழை கடைக்குள் வந்து முடியும் இடத்திலுள்ள கருவிக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் வாங்கி வைப்பதைச் செலவாகப் பார்க்கக் கூடாது. மின்வெட்டுக்குப் பழகிய ஊரிலிருந்து போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது கடையின் எண். இருபது வருடமாகப் பெயர்ப் பலகையிலும் பைகளிலும் கோவில் திருவிழா மலர் விளம்பரத்திலும் அச்சான 020 என்று தொடங்கும் அந்த லண்டன் எண், பல கடைகளுக்குச் சொத்து. புதிய நிறுவனத்துக்கு அதைக் கொண்டுபோக முடியும். ஆனால் வரிசை முக்கியம். எண்ணை மாற்றிக்கொடுக்கும் வேலை முடியும் முன்பே பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்தால், லைனோடு சேர்ந்து எண்ணும் போய்விடும் ஆபத்து உண்டு. மலிவான பிராட்பேண்ட் மட்டும் போதும் என்று வேறு நிறுவனத்துக்குத் தாவும்போதுதான் இது அதிகம் நேர்கிறது. பழையதை எப்போது ரத்து செய்ய வேண்டும் என்று புதிய நிறுவனத்திடமே கேட்க வேண்டும். கடையில் இரண்டு மூன்று இடங்களில் நீட்டி வைத்திருக்கும் கம்பித் தொலைபேசிகளும் அப்படியே வேலை செய்யாது. இனி ரிசீவர் செருகும் இடம் ரூட்டரின் முதுகில் இருக்கிறது, சுவரில் அல்ல.

இந்தக் குழப்பத்தில் மோசடிக்காரர்கள் நுழையாமல் இருப்பார்களா? 'உங்கள் லைன் இந்த வாரம் துண்டிக்கப்படும், கார்டு விவரம் சொல்லுங்கள்' என்று கூப்பிடுகிறார்கள். முதியவர்களைக் குறிவைத்துத் தொடங்கியது, சிறு வியாபாரிகள் வரை வந்திருக்கிறது. லைன் மாற்றத்துக்காகத் தொலைபேசியில் வங்கி விவரம் கேட்கும் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. வைத்துவிட்டு, பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கூப்பிட்டால் போதும்.

இதே வேலையை ஜப்பான் வேறு மாதிரி செய்தது. என்டிடி நிறுவனம் 2024 ஜனவரியில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் தன் பழைய எக்ஸ்சேஞ்சுகளை இணைய முறைக்கு மாற்றி முடித்துவிட்டது. ஆனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடுவரை வரும் செப்புக் கம்பியையும் வீட்டிலிருந்த தொலைபேசியையும் தொடவே இல்லை. மாற்றம் முழுக்க நிறுவனத்தின் கட்டிடத்துக்குள்ளேயே நடந்தது. வாடிக்கையாளர் ஒரு செருகியைக்கூடக் கழற்றவில்லை. நாட்டின் எந்த மூலைக்குப் பேசினாலும் மூன்று நிமிடத்துக்கு வரி நீங்கலாக 8.5 யென் என்று கட்டணம் ஒரே சீரானது. தூரம் என்ற கணக்கே போய்விட்டது. அங்கேயும் தொழில்துறைக்கு ஒரு வலி இருந்தது. சரக்கு ஆர்டர்களையும் வங்கித் தகவல்களையும் நிறுவனங்கள் அனுப்பிக்கொள்ளப் பயன்படுத்திய ஐஎஸ்டிஎன் டிஜிட்டல் சேவை நிறுத்தப்பட்டதால், மொத்த வியாபாரிகளும் சப்ளையர்களும் தங்கள் மென்பொருளை மாற்ற வேண்டிவந்தது. ஆனால் அந்த எச்சரிக்கை பல வருடங்களுக்கு முன்பே தொழில்துறை அமைப்புகள் வழியாக அவர்கள் காதில் போடப்பட்டது. பாரம் யார் தோளில் என்பதுதான் இரண்டு நாடுகளுக்கும் உள்ள வித்தியாசம். ஜப்பானில் சுமந்தது தொலைபேசி நிறுவனம். பிரிட்டனில் பெரும் பகுதியைச் சுமப்பது வாடிக்கையாளர். அதிலும் ஆளில்லாத சின்னக் கடை.

பிரிட்டனில் இந்தக் கதை 2027-ல் முடியாது. நாடு முழுக்கச் சுமார் 5,600 எக்ஸ்சேஞ்ச் கட்டிடங்களில் ஆயிரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை 2030-களின் தொடக்கத்துக்குள் காலி செய்வது ஓபன்ரீச்சின் திட்டம். முதலில் காலியாகும் சில இடங்களின் பட்டியலில், தமிழர் நிறைய வாழும் ஹேரோ வட்டாரத்தின் கென்டன் ரோடு எக்ஸ்சேஞ்சும் இருந்தது. இன்று தொலைபேசியை மட்டும் மாற்றிக்கொண்டு பிராட்பேண்டைச் செப்பிலேயே விட்டுவைக்கும் கடைக்கு, அந்தக் கட்டிடம் மூடும்போது இன்னொரு மாற்றம் காத்திருக்கிறது. தெருவுக்கு இழை வந்துவிட்டதென்றால், இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது அலைச்சலையும் காசையும் மிச்சப்படுத்தும்.

இந்த வாரக் கடைசியில் லண்டன் மாமாவோ சித்தப்பாவோ அக்காவின் மாப்பிள்ளையோ வாட்ஸ்அப்பில் வந்தால், கடை எப்படிப் போகிறது என்று கேட்ட கையோடு இன்னும் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: அலாரம் எந்த லைனில் இருக்கிறது? கட்டிடத்தில் லிஃப்ட் இருந்தால் அதன் லைன் யார் பொறுப்பு? தொலைபேசிப் பில்லில் எத்தனை எண்கள் இருக்கின்றன? பதில் தெரியாது என்று சொன்னால், பின்னறைச் சுவரிலிருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியை இப்போதே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி மாதத்தில் பொறியாளர் கிடைப்பது கஷ்டம்.

(தொடரும்)